ராராரோவில் தொடங்கி ஓல்டானில் முடிந்த வசனம்

மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் என் கணவர் கண்ணைத் திறந்துவிட்டார். காலை ஜெபம் அப்போது பாதிகூட ஆகவில்லை. நானும் ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்திருந்ததால்தான் இது எனக்குத் தெரியும்.

தென்னங்கீற்றுப் பந்தல் நிறையப் பிள்ளைகள் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓசைப்படாமல் எழுந்து, பந்தலின் பின்பக்கமாகக் குனிந்து வெளியேறினார். ஒரு தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு பம்ப்செட் தொட்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வாளியில் எங்கள் மகள் பியூலா முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நனைத்த துணிகள் இருந்தன.

பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் நடுவில், காவேரிக் கரையோரம் இருந்த தோப்பு அது. அந்த நாட்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்ச்சுவார்கள். துணி அலசுவதும் அந்த நேரத்தில்தான். பிள்ளைகளுக்கான எங்கள் வேதாகம முகாம் மணியடித்து நடந்தது. பியூலாவின் துணிகள் மட்டும் கரண்டை நம்பி இருந்தன.

இந்தத் தொடரில் போன வாரம் என் பிரசவத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மகள் போன் செய்தாள். "அடுத்தது என் துணிக் கதையையும் பத்திரிகையில போட்டுடாதம்மா" என்றாள். மன்னித்துக்கொள் பியூலா, அதைச் சொல்லாமல் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

தொட்டிக்கரையில்

தோப்புக்காரர் வீட்டுப் பாவாயி அக்கா அன்றைக்குத் தொட்டிக்கரையில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்பிள்ளை ஒருவர் குழந்தைத் துணிக்குச் சோப்புப் போடுவதைப் பார்த்ததும் அவருக்குக் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க தம்பி, அதக் கீழ வைங்க. ஆம்பள தொடற துணிங்களா அது?"

"எம் புள்ள துணிதானுங்க அக்கா."

"ஊட்ல பொம்பள இல்லீங்களா?"

"இருக்கறாங்க. பந்தல்ல புள்ளைகளுக்குக் கதை சொல்றாங்க."

"புருசன் துணி தொவைக்கற அளவுக்கு அப்படி என்ன கதைங்க அது?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாவாயி அக்கா பால் கேனோடு வந்து பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பந்தலுக்கு அழைத்து வரவில்லை. நேராகத் தொட்டிக்கரைக்குக் கூட்டிப் போய், என் கணவர் துவைப்பதைக் காட்டி, "நல்லாப் பாத்துக்கங்க" என்றாராம்.

நாங்கள் வீடு வீடாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்து அழைத்த வருடங்களில்கூட அந்த ஊர்ப் பெரியவர்கள் பந்தல் பக்கம் வந்ததில்லை. அந்த வருடம் ஒரு வாளியும் ஒரு சோப்புக் கட்டியும் அவர்களை வரவழைத்துவிட்டன.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் முன்னறை

அந்த வருடம் நான் முகாமுக்குப் போனதே பெரிய விஷயம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முகாம் குழுவின் தலைவர் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எல்லாருக்கும் அவர் 'ஐயா'. தன் கைக்காசைப் போட்டு அந்த முகாமைத் தொடங்கியவர், எங்களைப் போன்ற இளையவர்களை நம்பி ஊழியத்தில் விட்டவர். தங்கமான மனிதர். ஆனால் கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

வேத வசனம் என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். முகாமின் கடைசி நாளில் வசன ஒப்புவிப்புப் போட்டி நடக்கும். ஒரு வார்த்தை விட்டாலும் மதிப்பெண் போச்சு, ஒரு வார்த்தை சேர்த்தாலும் போச்சு. தேம்பி அழும் பிள்ளைக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பாரே தவிர மதிப்பெண் கொடுக்க மாட்டார்.

பியூலாவுக்குக் கழுத்து நின்றிருந்த சமயம் அவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்னறையில் காபி வந்தது. காபியோடு தீர்ப்பும் வந்தது.

"சுகிர்தா, தாய்க்கு வீடுதான் முதல் ஊழியம். குழந்தையை வெச்சுக்கிட்டு நீ முகாம்ல சிரமப்படறதுல எனக்குச் சம்மதம் இல்லை. சாமுவேல் ரொம்பக் கேட்டுக்கிட்டான், அதனால இந்த வருசம் போ. கடைசி நாள் நான் வருவேன். குழந்தையால முகாம் ஒரு இடத்துல தடுமாறினாலும், அடுத்த வருசத்திலேருந்து கதைக்கு வேற ஆள். கடைசி நாள் நிறைவுக் கதையை இந்தத் தடவை நானே சொல்லிக்கறேன்."

நிறைவுக் கதைதான் முகாமின் உயிர். பெற்றோர்கள் வந்திருப்பார்கள், ஊரே வந்திருக்கும். எனக்குத் தையல் வராது, சமையல் சுமார், ஆர்மோனியத்தில் இரண்டு பாட்டுக்கு மேல் தெரியாது. கதை சொல்வது ஒன்றுதான் கடவுள் எனக்குக் கொடுத்தது. அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது போல இருந்தது. படியிறங்கும்போதே அழுதுவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் என் கணவர் சாமுவேல் பியூலாவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ கதையச் சொல்லு. புள்ள எம் பொறுப்பு."

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. அவர் பிள்ளை பார்க்கும் லட்சணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் முதலாக அவளைக் கையில் கொடுத்தபோது, மூச்சை விட்டால்கூட விழுந்துவிடுவாள் என்று நினைத்தவர்போல நர்ஸ் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றவர் அவர்.

கிளீனர் வேலை

ஊழியத்துக்கு வருவதற்கு முன் அவர் நாமக்கல்லில் லாரி கிளீனர். பம்பாய் வரை போய் வந்தவர். அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். லாரியை விட்டாலும் லாரி அவரை விடவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்.

முகாமுக்குப் போன முதல் நாளே, பந்தலுக்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவில் இருந்த மாமரத்தில் என் பழைய நூல்சேலையைத் தூளியாகக் கட்டினார். போட்டது தார்ப்பாய் கட்டும் முடிச்சு. நானே ஏறி உட்கார்ந்தாலும் அவிழாது என்று சொல்லிக் கேலி வேறு செய்தார். பிறகு தோப்புக்காரரிடம் பழைய கிணற்று உருளை ஒன்றை வாங்கி இன்னொரு கிளையில் மாட்டி, தூளியிலிருந்து ஒரு லோடு கயிற்றை அதன் வழியாகச் சமையல் கொட்டகை வரைக்கும் இழுத்துவிட்டார்.

முகாமின் சமையல் பொறுப்பு அவருடையது. ஒரு கையால் சாம்பாரைக் கிண்டுவார், மறு கையால் கயிற்றை இழுப்பார். காய் நறுக்கும்போது கயிறு கால் கட்டைவிரலுக்குப் போய்விடும். மாமரத்தடியில் ஆளே இல்லாமல் தூளி ஆடுவதைப் பார்த்து, வழியில் போன ஒரு அம்மாள் பயந்து விபூதி பூசிக்கொண்டதும் உண்டு.

என் பாடு வேறு மாதிரி. கதை கொஞ்சம் நீண்டால் மார்பு கனத்துவிடும். ரவிக்கை நனைவதற்குள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வேன். குழந்தைக்குப் பசி என்றால் அவர் கொட்டகைக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவார், நீளமான கம்பி ஏற்றிய லாரியின் பின்னால் கட்டுவார்களே, அந்த மாதிரி. அதைப் பார்த்தால் படம் ஒட்டிக் கதை சொல்லும் பிளானல் துணிப் பலகையில் இருக்கும் பிரளயக் கதை மிருகங்களையெல்லாம் அவசர அவசரமாகக் கப்பலில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு ஓடுவேன். அந்த வருடம் என் கதைகளில் மழை சீக்கிரமே நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தால், குழந்தைக்குத் துடைத்து, துணி மாற்றி, எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருப்பார். இதெல்லாம் எங்கே கற்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "லாரிக்கு எல்லாம் பாத்தது இல்லீங்களா" என்பார், என்னமோ நான் முதலாளி மாதிரி.

தாலாட்டு தெரியாத அப்பா

அவருக்குத் தெரியாத ஒன்று தாலாட்டு. குரலும் அப்படித்தான். ஒரே வரியை நாலைந்து சுதியில் பாடக்கூடியவர் என்பதால் பாட்டு வேளையில் அவரைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பிவிடுவோம்.

முதல் நாள் பியூலா வீறிட்டபோது, பாவம், தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தார். "வரலாம், வரலாம்... ரைட்ல வரலாம்... இன்னும் வரலாம்..." லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கொடுக்கும் குரல். பியூலா அழுகையை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தாளாம். தூங்கவில்லை.

அந்த வாரம் பந்தலில் நாங்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது மேய்ப்பனைப் பற்றிய வசனம். பிள்ளைகள் உரக்கச் சொல்வது கொட்டகைக்கு நன்றாகக் கேட்கும். வேறு வழியில்லாமல் அவர் அதையே பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மா பாடியதில் அவர் மனதில் மிஞ்சியிருந்தது 'ராராரோ' என்ற ஒரு சொல்தான். அதை முன்னால் போட்டு, வசனத்தை அதன் பின்னால் இழுத்து இழுத்துச் சேர்த்து, கயிற்றின் ஆட்டத்துக்கு ஏற்றபடி பாடினார். கண் சொருகித் தூங்கியதும் கயிற்றை நிறுத்தி, மெதுவாக "ஓல்டான்" என்றார். வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டால் கிளீனர் சொல்லும் சொல்.

அன்றிலிருந்து பியூலாவுக்கு வேறு எந்தத் தாலாட்டும் செல்லுபடியாகவில்லை. என்னுடையதுகூட.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விளையாட்டு நேரத்தில் கயிறு இழுக்க ஒரே போட்டி. "கயிறு புடிக்கறவிங்க பாடோணும்" என்று அவர் சட்டம் போட்டுவிட்டார். பந்தலில் நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு மறந்தவர்களெல்லாம் மாமரத்தடியில் பாடிப் பாடிக் கற்றுக்கொண்டார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால் வேலைக்காரர் மகள் செல்வி என்று ஒரு சுட்டிப் பெண். கயிற்றை விடவே மாட்டாள்.

எனக்கு அது பாதிதான் தெரியும். கதைக்கும் பால் கொடுப்பதற்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவள் நான். பிள்ளைகள் ஏதோ பாடுகிறார்கள், குழந்தை தூங்குகிறாள், அது போதும் என்றிருந்தேன்.

ஐயா வந்தார்

கடைசி நாள் ஐயா வெள்ளை ஜிப்பாவும் குடையுமாக வேலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கழிப்பறைவரை போய்ப் பார்த்தார். எங்கேயும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தொட்டியருகே கொடியில் வரிசையாகக் காய்ந்த துணிகளின் முன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

அவரிடம் பாவாயி அக்கா, "மோட்டார் போட்டதும் தம்பி ஓடி வந்து தொவைச்சதுங்க" என்றார்.

பெற்றோர்கள் உட்கார நிழல் வேண்டுமே என்று அன்று காலையில் தூளியை அவிழ்த்துவிட்டிருந்தோம். அங்கேதான் தவறு நடந்தது. போட்டி தொடங்கும் நேரத்தில் பியூலாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. தூளி இல்லை, கயிறு இல்லை, அப்பா அண்டாச் சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறார். அவள் அழத் தொடங்கினாள். பால் கொடுத்துப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அழுவாத சாமி, அழுவாத" என்று பாவாயி அக்கா வாங்கிப் பார்த்தார். இன்னும் உரக்க அழுதாள்.

பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட வேண்டியவள் நான். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பெற்றோர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்வரிசை நாற்காலியிலிருந்து ஐயா என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான்ம்மா சொன்னேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார், அதுதான் இன்னும் சுட்டது. "கொண்டா இப்படி. நீ போட்டியை நடத்து."

தோளில் இருந்த துண்டை மடியில் விரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார். பியூலா கைகாலை உதைத்துக்கொண்டு கத்தினாள். என் கதை இன்றோடு முடிந்தது என்று நான் தீர்மானித்துவிட்டேன். முதல் பெயரைக் கூப்பிட்டேன். செல்வி.

அவள் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ராராரோ..."

ஐயா தலையை நிமிர்த்தினார். நிறுத்து என்று சைகை காட்டினேன். அவள்தான் கண்ணை மூடியிருக்கிறாளே. ராராரோவிலிருந்து நேராக வசனத்துக்குள் போனாள், என் கணவர் இழுத்த அதே இழுவையில். வரிசையில் காத்திருந்த பிள்ளைகளும் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே பாடினார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. கடைசியில் செல்வி கண்ணைத் திறந்து ஐயாவின் மடியைப் பார்த்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து மெதுவாகச் சொன்னார்கள்:

"ஓல்டான்."

பெற்றோர் கூட்டத்தில் இருந்த லாரிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"ஏம்மா, வேத வசனத்துல ராராரோ எங்க இருக்கு?"

"மொதல்லயே இருக்குதுங்க ஐயா."

"அப்ப அந்த ஓல்டான்?"

"அது கடைசிலீங்க. புள்ள தூங்கினாத்தானுங்க சொல்லோணும்." செல்வி விரலை நீட்டினாள். "தூங்கிருச்சுங்களே, அதான் சொன்னோமுங்க."

ஐயா குனிந்து பார்த்தார். பியூலா அவருடைய ஜிப்பாப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

யார் கதை சொல்வது?

ஐயா தாழ்ந்த குரலில், "அடுத்த பிள்ளையைக் கூப்பிடு" என்றார். ஒவ்வொருவராக வந்து பாடிவிட்டுப் போனார்கள். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று எல்லாரும் அடிக்குரலில் பாடினார்கள். முந்தின வருடங்களில் பாதிப் பிள்ளைகள் நடுவில் தடுக்கி நிற்பார்கள். அன்று ஒரு பிள்ளைகூடத் தடுக்கி நிற்கவில்லை. ராராரோவுக்கும் ஓல்டானுக்கும் நடுவில் இருந்ததற்கு மட்டும் ஐயா மதிப்பெண் போட்டார். அவர் தன் சட்டத்தை வளைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது நிறைவுக் கதை. ஐயா எழப் பார்த்தார், பியூலா சிணுங்கினாள். மறுபடி உட்கார்ந்தார். இன்னொரு தரம் முயன்றார், அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர் என்னை விரலால் அழைத்தார்.

"நான் எந்திரிச்சா முழிச்சுக்குவா போல. நீ போய்க் கதையைச் சொல்லும்மா."

"ஐயா, அது நீங்க..."

"சொல்லுன்னா சொல்லு. குழந்தையை நான் பார்த்துக்கறேன்."

திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். என் கணவர் கரண்டியும் கையுமாகக் கம்பத்தருகே நின்றிருந்தார். கம்பத்தில் சிவப்புத் துண்டு இல்லை. என்னைப் பார்த்து, லாரிக்குக் காட்டுவதுபோல முன்னால் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

போனேன். மிருகங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகக் கப்பலில் ஏற்றினேன். மழை பெய்ய வேண்டிய நேரம் முழுக்கப் பெய்தது. பாவாயி அக்கா பால் கறக்கப் போகாமல் உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் கதை சொல்லியிருக்கிறேன். அத்தனையும் கொட்டகைக் கம்பத்தருகே நின்ற அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது. வீட்டு வேலையில் உதவும் கணவர்களைப் பற்றி இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். ஊரே வேடிக்கை பார்த்த காலத்தில் அவர் அதைச் செய்தார், உதவி என்று ஒரு நாளும் சொல்லாமல்.

கதை முடிந்ததும் என் கணவரும் வந்து பக்கத்தில் நிற்க, நிறைவு ஜெபத்தை ஐயா உட்கார்ந்தபடியே செய்தார். பிள்ளைகளுக்காக, ஊருக்காக, தோப்புக்காரருக்காக, "அடுத்த வருசமும் இங்கே கதை சொல்ல வரப்போகிற உம்முடைய மகளுக்காக" என்று அவர் சொன்ன இடத்தில் எனக்குக் கண்ணீர் இறங்கிவிட்டது.

அப்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

ஜெபம் நின்றது. நான் வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ஐயா கண்ணைத் திறக்கவே இல்லை. குழந்தைக்கு அடியிலிருந்து தன் துண்டை மெல்ல உருவினார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைப் பக்கவாட்டில் நீட்டி, "சாமுவேல், கரண்ட் வந்துடுச்சு, ஓடு. இதையும் சேர்த்து அலசிடு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.